அரிமா நோக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்பாக்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கும் நிலையைப் பவணந்தி முனிவர் நன்னூலில் நால்வகைப்படுத்தினார். ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்பன அவை. நீரோட்டம் போல இடையறாது செல்வது ஆற்றொழுக்கு. இடைப்பட்டதை விட்டுத் தாவுவது தவளைப் பாய்த்து. உயரத்திலிருந்து இறங்கி, வேண்டியதைக் கவர்ந்தவுடன் எழுந்து போவது பருந்தின் வீழ்வு. நடந்து செல்லும் சிங்கம் முன்னும் பின்னும் நோக்குதல் போல, முன் சொன்னதையும் பின் சொல்லப்போவதையும் தழுவி நிற்பது அரிமா நோக்கு.

இலக்கணம் பயின்றோர் இச்சொல்லை நூலில் கண்டனர். மற்றவர்கள் அதைக் கண்ட இடம் வேறு. பேருந்து நிழற்குடையின் நெற்றி, பள்ளிக் குடிநீர்த் தொட்டியின் பக்கச் சுவர், இலவசக் கண் சிகிச்சை முகாமின் துணிப்பதாகை ஆகியவற்றில் அரிமா சங்கம் என்ற பெயர் தமிழ்நாட்டு ஊர்தோறும் எழுதப்பட்டிருக்கிறது. லயன்ஸ் கிளப் என்னும் அயற்பெயருக்குத் தமிழ் தேடியபோது, சிங்கச் சங்கம் என்று பெயர்க்காமல், ஏட்டில் உறங்கிய அரிமாவை எழுப்பிக் கொணர்ந்தது நல்லதொரு மொழியாக்கம். பெயரை வழங்கிய தமிழ், அதனுள் ஒரு கடமையையும் பொதிந்து வைத்துவிட்டது. பின்னே பார், முன்னே பார், பார்த்துக்கொண்டே நட என்பதே அக்கடமை. தொண்டுச் சங்கம் ஒன்றின் வரலாறு, கொடை, தலைமைப் பயிற்சி ஆகிய மூன்றையும் இந்நோக்கினால் அளந்து பார்ப்பது இவ்வுரையின் பொருள். பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டத்திற்கு இவ்வளவுகோல் பயன்படாமல் போகாது.

பின்னோக்கு

அரிமா சங்கத்தின் வரலாறு வணிகத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் வணிகர் வட்டம் ஒன்று இயங்கிவந்தது. அதன் உறுப்பினர்கள் நண்பகல் உணவிற்குக் கூடுவர். தொழிலில் ஒருவர்க்கொருவர் துணை செய்துகொள்வர். அவ்வட்டத்தின் செயலாளர் மெல்வின் ஜோன்ஸ் என்னும் காப்பீட்டு முகவர். தொழிலில் வென்ற இவர்கள் தம் அறிவையும் ஊக்கத்தையும் தாம் வாழும் ஊருக்கும் செலவிட்டால் என்ன என்ற வினா அவருக்கு எழுந்தது. 1917ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், பல ஊர்களின் வட்டங்களைச் சேர்ந்த பேராளர்கள் அவரது முயற்சியால் சிகாகோவில் கூடினர். அவ்வாண்டு அக்டோபரில் டல்லஸ் நகரில் முதல் மாநாடு நிகழ்ந்தது. 22 சங்கங்களின் சார்பாளர்கள் அதில் கலந்துகொண்டனர்.

அம்மாநாட்டுக் காலத்தில் வகுத்த நெறிகளுள் ஒன்று தனித்து நினைக்கத்தக்கது. உறுப்பினரின் பொருள் வளர்ச்சியை எச்சங்கமும் தன் குறிக்கோளாகக் கொள்ளலாகாது என்பதே அது. வணிகர் கூடி, வணிக ஆதாயத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்தினர். ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், மறுமைக்கு உதவும் என்று கணக்கிட்டு அறம் செய்யும் வணிகன் அல்லன் அவன் எனச் சிறப்பித்ததைத் தமிழ் கற்றோர் அறிவர். புறநானூற்றுப் புலவர் வள்ளலிடம் கண்ட இயல்பை, சிகாகோ வணிகர் விதியாக எழுதி வைத்துக்கொண்டனர். இயல்பாக அமையாததற்குத்தான் விதி தேவைப்படுகிறது. அவ்விதியை எழுதும் அளவிற்குத் தம்மைத் தாமே அறிந்திருந்தனர் என்பது அவர்களுக்குப் பெருமையே.

1920இல் கனடாவின் விண்ட்சர் நகரில் சங்கம் தோன்றியதால் இவ்வமைப்பு பன்னாட்டு அமைப்பாயிற்று. ‘நாங்கள் தொண்டு செய்கிறோம்’ என்னும் பொருளுடைய இரு சொற்கள் 1954இல் இதன் முழக்கமாயின. 1956இல் பம்பாயில் இந்தியாவின் முதற்சங்கம் பிறந்தது. அதே சிகாகோவில் 1905இல் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி இயக்கம் மூத்தது. 1929இலேயே சென்னைக்கு வந்துவிட்டது. அசோக் மேத்தா 2005–06இலும், நரேஷ் அகர்வால் நூற்றாண்டை ஒட்டிய 2017–18இலும் அரிமா இயக்கத்தின் உலகத் தலைவர்களாக விளங்கிய இந்தியர்கள்.

நிறுவியவராகிய மெல்வின் ஜோன்ஸ் இந்தத் தலைவர் பட்டியலில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. முதல் தலைவராக அமர்ந்தவர் இந்தியானா மாநிலத்து மருத்துவர் வில்லியம் உட்ஸ். 1961இல் மறைந்த ஜோன்ஸ் நெடுங்காலம் செயலாளர் நிலையிலேயே பணிபுரிந்தார். நாற்காலி ஆண்டுதோறும் கைமாறியது. கோப்புகளைக் கட்டிக் காத்தவர் மாறவில்லை.

தொண்டு அயல்நாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று எவரும் எண்ணிவிடலாகாது. சிகாகோக் கூட்டத்திற்கு அரை நூற்றாண்டு முன்னரே, 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், இக்கடலூர் மாவட்டத்து வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தோர்க்குச் சோறு வடிக்கிறது. அச்சாலைக்குரிய ஏறத்தாழ 80 காணி நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் வழங்கினர். அடிகளாரின் பெயரை உலகம் அறியும். நிலம் தந்த உழவர்களின் பெயர்களைத் தேடித்தான் படிக்க வேண்டும். ஒருவர் கண்ட கனவிற்கு ஊரார் கூடி நிலம் தருதல் என்பது ஒப்புரவின் மிகப் பழைய வடிவம். திருக்குறள் ஈகைக்கு முன்னே ஒப்புரவறிதலை வைத்ததும், ஒப்புரவாளனின் செல்வத்திற்கு ஊருணியையும் பழமரத்தையும் மருந்து மரத்தையும் உவமையாக்கியதும் இக்கருத்தை அரண் செய்யும்.

அருகு நோக்கு

சிங்கம் முன்னும் பின்னும் பார்க்கிறது என்றால், இடையில் கால் பதியும் நிலத்தையும் அது பார்த்தாக வேண்டும். கொடை நிகழுமிடம் அதுவே.

1925ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், ஒகையோ மாநிலத்துச் சீடர் பாயிண்ட் என்னுமிடத்தில் கூடிய அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையும் செவிப்புலனும் குழந்தைப் பருவத்திலேயே இழந்த அவர், தடுக்கக்கூடிய பார்வையின்மை உலகில் இல்லாத நாளை விரைந்து கொணருமாறு அவ்வவையை வேண்டினார். அதுவரை பற்பல நற்பணிகளில் சிதறியிருந்த இயக்கத்திற்கு அன்று ஒரு திசை கிடைத்தது. கண் காணாத ஒருவர், கண் உடைய பல்லாயிரவர்க்கு எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினார்.

ஐந்தாண்டு கழித்து, 1930இல், இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரின் அரிமா சங்கத் தலைவர் ஜார்ஜ் போன்ஹாம், பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்க முடியாமல் தடுமாறுவதைக் கண்டார். அவர் கையிலிருந்த கருநிறக் கோல், கரிய தார்ச்சாலையில் வண்டி ஓட்டுவோர் கண்ணில் படவில்லை. கோலுக்கு வெண்மை பூசிச் செந்நிறப் பட்டையிடலாம் என்று போன்ஹாம் கருதினார். வெண்கோல் ஏந்தியவர்க்கு வழிவிட வேண்டும் என நகராட்சியும் ஆணையிட்டது. அக்கொடையின் விலை ஒரு சிறு தூரிகையும் சிறிது சாயமும். தெருவில் நின்று ஒரு மனிதரைச் சில நிமிடம் உற்றுப் பார்த்தமைதான் அதன் முதல்.

தமிழ்நாட்டில் இந்நோக்கு கண் சிகிச்சை முகாமாக வடிவெடுத்தது. மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவைக் கத்தி பிடிக்கப் பழகியவர் அவர். முகாம் நடத்தும் முறையில் அவரது நிறுவனம் ஒரு பங்கீட்டைக் கைக்கொண்டது. மருத்துவம் மருத்துவமனையின் பொறுப்பு. ஊரைத் திரட்டுதல், இடம் தருதல், அறிவித்தல், வந்தோர்க்கு உணவளித்தல் ஆகியன உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. அரிமா, ரோட்டரி சங்கங்களும் ஊர்ப் பெரியோரும் இப்பொறுப்பை ஏற்றனர். கண்புரை முற்றியவர்கள் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அறுவை முடிந்து ஊர் திரும்பினர். 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், இறக்குமதி விலையின் சிறு பங்கில் விழிக்குள் பொருத்தும் வில்லைகளைச் செய்தளித்தது. தடித்த கண்ணாடியோடு வாழ்ந்த ஏழை முதியோரின் காலம் அதனால் மெல்ல மறைந்தது. புதுவையில் 2003இல் இதன் கிளை திறக்கப்பட்டது. கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் உள்ள அம்மருத்துவமனை கடலூர்ப் பகுதி மக்களுக்கு அண்மையிலேயே அமைந்துள்ளது.

எனினும் இங்கே ஒரு கேள்வி எழுந்தது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, முகாம் நடந்த தென்தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கண் குறையுடையோருள் நூற்றுக்கு ஏழு பேரளவே முகாமிற்கு வந்தனர் எனக் கண்டது. இலவசம் என்ற அறிவிப்பு எல்லார் காதிலும் விழுந்தது, காலடி எழவில்லை. அறுவை பற்றிய அச்சம், வீட்டில் விட்டுவரும் பேரக்குழந்தையும் ஆடுமாடும், இழக்கும் கூலி, இந்த வயதில் இவ்வளவு தெரிந்தால் போதும் என்ற அமைவு எனப் பல தடைகள் இருந்தன. குறை கொடுப்பவர் கையில் மட்டும் இல்லை என்பதும், வராதவரிடம் சென்று ஏன் வரவில்லை என்று கேட்பதும் கொடையின் பகுதியே என்பதும் அதனால் விளங்கின. 2004 முதல் அரவிந்த் நிறுவனம் சிற்றூர்களுக்கு அருகிலேயே நிலையான கண் மையங்களை அமைக்கத் தொடங்கியது.

கேட்காமல் கொடுத்தலின் துயரத்தை இம்மாவட்டம் தன் தெருவிலேயே கண்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் முதல் பிச்சாவரம் வரையிலான கரையோர ஊர்களைச் சூறையாடியது. மாவட்டத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாகப் பொருள்கள் வந்தன. அவற்றுள் பழந்துணி மலைபோல் குவிந்து, நாகையிலும் கடலூரிலும் சாலையோரங்களில் கேட்பாரற்றுக் கிடந்தது. கடலையே தொழிலாகக் கொண்டு, தலைநிமிர்ந்து உழைத்துண்ட மக்கள், பிறர் உடுத்திக் கழித்த துணியைத் தொட மறுத்தனர். படகும் வலையும் இழந்தவர்க்கு அத்துணி எதற்கும் உதவவில்லை.

தமிழிலக்கியம் இதற்கு ஒரு சொல்லை வைத்திருக்கிறது. கொடைமடம் என்பது அச்சொல். பெறுவோரின் தகுதியும் தேவையும் ஆராயாது கொடுத்தல் அது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனும், முல்லைக்குத் தேர் தந்த பாரியும் அதற்குச் சான்றாவர். ஆனால் பேகன் ஈந்தது தான் போர்த்திருந்த போர்வை. பாரி விட்டுச் சென்றது தான் ஏறிவந்த தேர். கடலூர்ச் சாலையில் கிடந்தவற்றுள் பல, கொடுத்தோர் தமக்கு வேண்டாமென ஒதுக்கியவை. மடம் மட்டும் நின்று, கொடை அதனினின்று நீங்கிவிட்ட காட்சி அது. அப்பேரிடரில் நற்பணி செய்தோரும் பலர் உளர். படகு பழுது பார்த்தவர், குழந்தைகளுக்குப் பள்ளி அமைத்தவர், வீடு கட்டித் தந்தவர் எனப் பலர் கேட்டறிந்து கொடுத்தனர். இரு திறத்தாரிடையே உள்ள வேறுபாடு செல்வத்தின் அளவில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது. கொடைக்கும் பயிற்சி வேண்டும்.

அரிமா அமைப்பின் விதிகளுள் கணக்கு பற்றியது இப்பயிற்சிக்கு அடிப்படையாகும். பொதுமக்களிடம் திரட்டும் பணம் ஒரு கணக்கு. உறுப்பினர் செலுத்தும் சந்தா மற்றொரு கணக்கு. பொதுமக்கள் தந்தது பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும். சங்கத்தின் கூட்டச் செலவு, விருந்து, மாலை, அழைப்பிதழ் யாவும் சந்தாவிலிருந்தே நடைபெற வேண்டும். இவ்விரு கணக்கிற்கும் இடையே எழுப்பிய சுவர் எவ்வளவு உயரமோ, அவ்வளவே சங்கத்தின் உயரமும் ஆகும். இயக்கத்தின் பன்னாட்டு அறக்கட்டளை 1968இல் நிறுவப்பட்டது. 1972இல் தெற்கு டகோட்டா வெள்ளத்தில் துன்புற்றோர்க்கு 5,000 டாலர் வழங்கி அது தன் முதற்கொடையைத் தொடங்கியது. 1990இல் ‘பார்வைக்கு முதலிடம்’ என்னும் கருத்துடைய பெருந்திட்டம் பிறந்தது. அதற்கென 14 கோடி டாலருக்கு மேல் திரண்டது. அந்நிதியின் துணையோடுதான் 1992இல் மதுரையில், லயன்ஸ் பெயரையும் அரவிந்த் பெயரையும் இணைத்துத் தாங்கிய சமுதாயக் கண் மருத்துவப் பயிற்சி நிறுவனம் எழுந்தது. பிற கண் மருத்துவமனைகளின் மேலாளர்களும் மருத்துவர்களும் அங்கே வந்து, குறைந்த செலவில் நிறைந்த பணி ஆற்றும் முறையைக் கற்றுச் செல்கின்றனர். பலருக்குக் கண்ணொளி தந்த கொடை, அவ்வொளியைத் தரவல்லாரை உருவாக்கும் கொடையாக இங்கே வளர்ந்தது. கொடையும் தலைமைப் பயிற்சியும் ஒன்றே ஆகும் இடம் இது.

முன்னோக்கு

சங்கத்தின் நிருவாக ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் ஆண்டுதோறும் பொறுப்பேற்கின்றனர். துணைத்தலைவர் படிப்படியாக உயர்ந்து தலைவராகிறார். வட்டாரம், மண்டலம், மாவட்டம் என மேல்நிலைப் பொறுப்புகள் விரிகின்றன. மாவட்ட ஆளுநர்க்கும் ஓராண்டே. உலகத் தலைவர்க்கும் ஓராண்டே.

பழைய அமைப்பு விதிகளில் விந்தையான பொறுப்பொன்றும் இருந்தது. சிங்கத்தின் வாலை முறுக்குபவர் என்று அதன் பெயர் பொருள்படும். கூட்டத்தில் சோர்வு தட்டாமல் காப்பதும், சிறு குற்றம் கண்டு உறுப்பினர்க்கு நகைச்சுவையாகத் தண்டம் விதிப்பதும் அவர் வேலை. தலைவரும் அவரிடமிருந்து தப்ப முடியாது. அவருக்கே தண்டம் விதிக்க வேண்டுமாயின், வந்திருக்கும் அனைவரும் ஒருமனதாக இசைய வேண்டும். அரசவையில் விகடகவிக்கு இருந்த உரிமை இது. தலைவரை நகைக்க ஓர் உறுப்பினருக்கு உரிமை அளித்து, அந்நகைப்பையும் விதியில் எழுதி வைத்த அமைப்பு, தலைமையின் நோயை நன்கறிந்தே எழுதியிருக்கிறது.

கட்சி அரசியலையும் சமயப் பிணக்கையும் கூட்டத்தில் விவாதிக்கலாகாது என்ற விதியும் பயிற்சியே. கருத்து வேறுபடுவோர் ஒரே மேசையில் அமர்ந்து, முகாமிற்கு எத்தனை பேருக்குச் சமைப்பது என்று பேசப் பழகுகின்றனர். மேடையில் நின்று நன்றியுரை கூறப் பழகாத வணிகர் பழகுகிறார். வரவு செலவை அவையில் படித்து, கேள்விக்கு விடை சொல்லப் பழகுகிறார். 1957இல் பென்சில்வேனியாவின் அபிங்டன் பள்ளியில் மாணவர்க்கெனத் தொடங்கிய லியோ சங்கம் இப்பயிற்சியை இளமைக்கும் கொண்டுசென்றது.

ஆயினும் இவ்வரிமாவுக்கு நெடுங்காலம் ஒரு கண் மூடியிருந்தது. 1987ஆம் ஆண்டு தைபே மாநாட்டில்தான் பெண்களை முழு உறுப்பினராக ஏற்கும் திருத்தம் நிறைவேறியது. அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெண்களைச் சேர்த்ததற்காக ஒரு சங்கத்தை நீக்கிய ரோட்டரி அமைப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஒருவர் அரிமா இயக்கத்தின் முதற்பெண் உலகத் தலைவரானது 2018இல். திசை காட்டிய ஹெலன் கெல்லர் ஒரு பெண் என்பதை நினைந்தால் இக்காலத்தாழ்ச்சி பெரிதாகத் தோன்றும். கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலையம்மாள் 1927இல் நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் சிறை சென்றவர். விடுதலைப் போருக்காகக் குடும்பச் சொத்தை இழந்தவர். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்தவர். கொடையும் தலைமையும் ஒருங்கே பெற்ற கடலூர்ப் பெண் ஒருவர் சட்டம் இயற்றிய ஆண்டிற்கும், உலகத் தொண்டுச் சங்கம் பெண்ணுக்குக் கதவு திறந்த ஆண்டிற்கும் இடையே சரியாக அரை நூற்றாண்டு கிடந்தது.

அதே 1890இல் பிறந்த மற்றொருவர் சுவாமி சகஜானந்தர். 1916இல், சிகாகோக் கூட்டத்திற்கு ஓராண்டு முன், அவர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குச் சோறும் தங்குமிடமும் கல்வியும் தந்தார். சட்டமன்றத்திலும் அவர்களுக்காகப் பேசினார். 1959இல் அவர் மறைந்தார், பள்ளி மறையவில்லை. கொடை பெற்ற கைகள் கொடுக்கும் கைகளாகவும் வழிநடத்தும் கைகளாகவும் மாறுவதுதான் தலைமைப் பயிற்சியின் முழுமை. சங்கங்கள் தம் உறுப்பினர்க்கு மட்டும் பயிற்சி தந்து, முகாமில் வரிசையில் நிற்பவரை என்றும் வரிசையிலேயே நிறுத்துமாயின், அப்பயிற்சி பாதியில் நின்றதாகவே கொள்ள வேண்டும்.

ஓராண்டு நாற்காலி

ஓராண்டுத் தலைமை பலரைத் தலைவராக்குகிறது. எவரையும் நிலையாக ஒட்டவிடுவதில்லை. இது அதன் சிறப்பு. அதன் நோயும் அங்கேயே பிறக்கிறது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. முந்திரிக் கன்று பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். பலாவுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். சங்கத் தலைவர் ஒருவர் உழவர்க்குக் கன்று வழங்குகிறார் என்று கொள்வோம். அவர் பதவி ஜூனில் முடிகிறது. அடுத்தவர்க்குத் தம் பெயர் பொறித்த புதுத்திட்டம் வேண்டும். கன்றுக்கு நீர் ஊற்றப்பட்டதா என்று பார்க்க எவரும் போவதில்லை. நிழற்குடை திறக்கப்படுகிறது, ஈராண்டில் அதன் கூரை ஒழுகுகிறது, திறந்தவர் பெயர் மட்டும் ஒழுகாமல் நிற்கிறது. பொன்னாடைகளும் நினைவுப் பரிசுகளும் பெருகி, நிழற்படத்திற்காக ஒரு தையல் எந்திரத்தைப் பத்துப் பேர் தொட்டு நிற்கும் காட்சி சிரிப்புக்கு இடமாகிறது. இது தவளைப் பாய்த்து. வந்து, வழங்கி, படம் எடுத்துக்கொண்டு எழுந்து போவது பருந்தின் வீழ்வு.

இதற்கான மருந்து சங்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பதவி முடித்த தலைவர் அடுத்த ஆண்டும் ஆட்சிக் குழுவில் ஓர் இருக்கை பெறுகிறார். வரவிருக்கும் துணைத்தலைவரும் அதே குழுவில் இருக்கிறார். முன்னவரும் பின்னவரும் இருபுறம் இருக்க, நடுவில் நடப்புத் தலைவர் அமர்கிறார். அரிமா நோக்கு என்பதை மேசை நாற்காலியில் வரைந்து காட்டினாற் போன்ற ஏற்பாடு அது. தலைவர் பின்னே திரும்பி, சென்ற ஆண்டு நட்ட கன்று எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். முன்னே திரும்பி, அடுத்த ஆண்டு இதற்கு நீர் ஊற்ற இசைவாயா என்று கேட்க வேண்டும். இவ்விரு வினாக்களைக் கேட்கத் தெரிந்தவரே பயிற்சி பெற்றவர். தம் ஆண்டில் புதிதாக எதையும் திறக்காமல், முன்னவர் திறந்ததைப் பழுது பார்த்தே ஓராண்டைக் கழித்த தலைவர் எவரேனும் இருப்பின், பொன்னாடை அவருக்கே உரியது.

வட்டத்திற்கு

இலக்கிய வட்டமும் ஒருவகைத் தொண்டுச் சங்கமே. அது வழங்குவது சோறோ கண்ணாடியோ அன்று, கேட்கும் செவி. மாதந்தோறும் ஓர் அறையில் விளக்கேற்றி, எழுதியவன் படிக்கப் பத்துப் பேர் அமர்ந்து கேட்பது எளிய கொடை அன்று. பத்தாண்டு அதனை இடையறாது செய்த வட்டம் பாராட்டுக்கு உரியது. பாராட்டோடு, அரிமா நோக்கின் வினாக்களும் அதற்கு உரியன.

பின்னோக்கினால், முதலாண்டில் கவிதை படித்தவர்கள் இன்று எங்குள்ளனர்? வாராது நின்றவர் ஏன் நின்றார் என்று எவரேனும் அவர் வீடு தேடிச் சென்று கேட்டனரா? கண் முகாமிற்கு வராதவரைத் தேடிச் சென்றதுபோல, கவியரங்கிற்கு வாராதவரையும் தேட வேண்டும். அவருள் பெண்கள் எத்தனை பேர், மாலைக் கூட்டம் முடிந்து சிதம்பரத்துக்கோ சிற்றூருக்கோ திரும்பக் கடைசிப் பேருந்து கிடைக்காதவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அருகு நோக்கினால், இளங்கவிஞனுக்கு வட்டம் தருவது அவனுக்குத் தேவையான திருத்தமா, தனக்கு எளிதான கைதட்டலா? தேவையறியாத கைதட்டலும் கொடைமடமே. முன்னோக்கினால், நாற்காலி அடுக்குபவரும் ஒலிபெருக்கி கட்டுபவரும் அழைப்பிதழில் பெயர் திருத்துபவருமாகிய இளைஞர்க்கு, ஒரு நாளேனும் அவைத்தலைமை தரப்பட்டதா? தொண்டுச் சங்கத்தின் நோய் ஓராண்டில் மறத்தல். இலக்கிய அமைப்புகளின் நோய் பல்லாண்டு ஒருவரே அமர்தல். இரண்டிற்கும் மருந்து ஒன்றே.

பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில், இவ்வட்டத்தின் மிக இளைய உறுப்பினர் அவைக்குத் தலைமை ஏற்கட்டும். மூத்தவர் அவர் அருகில் அமர்ந்து, கடந்த பத்தாண்டின் குறிப்பேட்டை அவர் கையில் கொடுக்கட்டும். வராத ஒருவரின் பெயரை அதிலிருந்து அவர் வாசிக்கட்டும். அவரை அழைத்துவரும் பொறுப்பை அன்றே ஒருவர் ஏற்கட்டும். வட்டம் வாழ்க, வளர்க.